‘ஆர்’ மொழியோட எட்டு வருஷம்: சத்தமே போடாம வர்ற தப்புதான் பெரிய தலைவலி

போன வாரம் லேப்டாப் படுத்துருச்சு, செக்காலை ரோட்டுல ஒரு கடையில குடுத்து ஹார்ட் டிஸ்க் மாத்தி வாங்கிட்டு வந்து, ஒவ்வொரு பேக்கேஜா திரும்ப இன்ஸ்டால் பண்ணிக்கிட்டு இருக்கேன், அப்பத்தான் ஃப்ரெண்டோட தம்பி போன் பண்ணான். “அண்ணே, ப்ராஜெக்டுக்கு ஆர்ல டேட்டா போட்டேன், சராசரி ஏதோ கம்மியா வர்ற மாதிரி இருக்கு. அப்புறம் இன்னொண்ணு, இதையே கத்துக்கவா இல்ல பைத்தான் மொழிக்குப் போயிரவா?”ன்னு கேட்டான். போன்ல சொல்லி முடியுற விஷயம் இல்ல, அதான் எழுதுறேன். ஆர்ங்கிறது டேட்டாவை வச்சு கணக்கும் கிராஃபும் போடுற ஒரு கம்ப்யூட்டர் மொழி, அதுக்கு மேல எப்படி இன்ஸ்டால் பண்றதுங்கிற கதையெல்லாம் இங்க இல்ல, ஏற்கனவே தொட்டுப் பார்த்தவங்களுக்குத்தான் இது.

என்னோட கோபம் ஒண்ணே ஒண்ணுமேலதான். எரர் வந்தா நான் கோவிச்சுக்கவே மாட்டேன். எரர் வந்தா வேலை நிக்கும், தேடுவோம், சரி பண்ணுவோம். எரரே வராம, அழகா ஒரு நம்பரைக் குடுத்துட்டு, அந்த நம்பர் தப்பா இருக்கு பாருங்க, அதைத்தான் எட்டு வருஷமா என்னால மன்னிக்க முடியல.

2017ல ஆரம்பிச்சது. கோட்டையூர்ல எங்க பக்கத்து வீட்டு ஆச்சி பலகாரம் செஞ்சு விக்கிறாங்க, தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம் எல்லாம். கல்யாண ஆர்டர், தீபாவளி ஆர்டர்னு நோட்டுல எழுதி வச்சிருந்ததை அவங்க மகன் எக்செல்ல ஏத்தியிருந்தாரு. எந்த மாசம் எவ்வளவு போகுது, எவ்வளவு அரிசி முன்னாடியே வாங்கி வைக்கலாம்னு பார்க்கணும், அவ்வளவுதான் வேலை. நான் அப்ப புதுசா ஆர் கத்துக்கிட்ட நேரம், நானே பண்ணித் தர்றேன்னு போய் உக்காந்தேன். சிஎஸ்வி ஃபைலைப் படிச்சேன், கிலோ காலத்தை, அதாவது கிலோ எழுதியிருந்த பத்தியை, நம்பரா மாத்துனேன், மாச வாரியா கிராஃப் போட்டேன். ஒரு வார்னிங் கூட இல்ல. வளவுல தூணோரமா உக்காந்து ஆச்சிகிட்ட காட்டுறேன், அவங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. “ஏந்தம்பி, தீபாவளிக்கு இங்க கால் வைக்க இடம் இருக்காது, சட்டியை இறக்க நேரம் இருக்காது, நீ போட்ட படத்துல அந்த மாசம் பள்ளமால்ல இருக்கு”ன்னாங்க.

வீட்டுக்கு வந்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தேடித்தான் கண்டுபிடிச்சேன். அந்த கிலோ காலத்துல ஒரே ஒரு எடத்துல நம்பருக்குப் பதிலா ‘கேன்சல்’னு எழுதியிருந்தாங்க. அந்த ஒரு வார்த்தைக்காக மொத்த காலத்தையும் ஆர் எழுத்துன்னு எடுத்துக்கிச்சு, அதோட விடாம ஃபேக்டரா மாத்திருச்சு. ஃபேக்டர்னா வகை. ஆண் பெண், காரைக்குடி தேவகோட்டைங்கிற மாதிரி வகைகளுக்கு உள்ளுக்குள்ள 1, 2, 3ன்னு ஒரு நம்பர் குடுத்து வச்சுக்கும். நம்பரா மாத்துற கட்டளையான ஆஸ் டாட் நியூமரிக்கை நான் போட்டப்ப என் கிலோவைக் குடுக்கல, அந்த உள் நம்பரைக் குடுத்திருக்கு. இதுல கொடுமை என்னன்னா வரிசை எழுத்து வரிசை. 8, 100, 25ன்னு மூணு ஆர்டர் இருந்தா எழுத்துப்படி 100 முதல்ல, 25 ரெண்டாவது, 8 மூணாவது. ஆக நூறு கிலோ ஆர்டர் 1 ஆச்சு, எட்டு கிலோ ஆர்டர் 3 ஆச்சு. தீபாவளி பள்ளமா தெரியாம வேற எப்படித் தெரியும்? ஆச்சி மட்டும் அன்னைக்கு அந்தப் படத்தை நம்பியிருந்தா அந்த வருஷம் தீபாவளிக்கு அரிசி பத்தியிருக்காது.

சரி பண்ற வழி ஒரு வரிதான், முதல்ல ஆஸ் டாட் கேரக்டர் போட்டு எழுத்தா மாத்திட்டு, அதுக்கு மேல ஆஸ் டாட் நியூமரிக் போடணும். வழி சின்னது, ஆனா தப்பு நடந்திருக்குன்னே தெரியாதவனுக்கு வழி தெரிஞ்சு என்ன பிரயோஜனம்.

ஏன் அப்படி வச்சாங்கன்னு அப்புறம் படிச்சப்ப கோபம் கொஞ்சம் எறங்குச்சு, அதையும் சொல்லணும். ஆருக்கு மூத்தது பெல் லேப்ஸ்ல 1976ல தொடங்குன எஸ்-ங்கிற மொழி, அதை ஒட்டித்தான் நியூசிலாந்து ஆக்லாந்து யுனிவர்சிட்டியில ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் ஆரைச் செஞ்சாங்க. புள்ளியியல்காரங்க புள்ளியியல்காரங்களுக்குச் செஞ்ச சாமான். அவங்க டேட்டாவுல எழுத்து வந்தா அது பெரும்பாலும் வகைதான், ரிக்ரஷன் மாடல்ல போட அதுக்கு உள் நம்பர் வேணும், அதனால தானா மாத்துறதுதான் அவங்களுக்கு வசதி. நோட்டுப் புத்தகத்துல ‘கேன்சல்’னு எழுதுற ஆச்சியை அவங்க நினைச்சுப் பார்த்திருக்க வழியில்ல. 2020 ஏப்ரல்ல 4.0.0 வந்தப்ப அந்த பழக்கத்தை ஒருவழியா எடுத்தாங்க, இப்ப எழுத்து எழுத்தாவே இருக்கும். முதல் நிலையான வெளியீடு 1.0.0 வந்தது 2000 பிப்ரவரி 29ல, அங்கேருந்து இருபது வருஷம் இந்தப் பள்ளம் அப்படியே இருந்திருக்கு, எத்தனை பேரு விழுந்திருப்பாங்க.

சரி, அது போச்சுன்னு நினைச்சா, தம்பி கேட்ட விஷயம் அதோட கூடப்பொறந்தது. எம்.காம் ப்ராஜெக்டு அவனுக்கு, அதே ஆச்சிகிட்ட கேட்டு போன வருஷ பில்லை வாங்கிக் குடுத்ததே நான்தான். மொத்தம் 400 பில்லு. எக்செல்ல ரூபா நம்ம ஊர் வழக்கப்படி கமா போட்டு இருக்கு, 1,250, 12,500, 1,05,000 இப்படி. ஆர் அதை நம்பர்னு ஒத்துக்காது, எழுத்துன்னு வச்சுக்கிச்சு. அவன் சராசரி கேட்டிருக்கான், என்ஏன்னு, அதாவது மதிப்பு இல்லைன்னு வந்திருக்கு. நெட்ல தேடி ஆஸ் டாட் நியூமரிக் போட்டிருக்கான், ‘என்ஏஸ் இன்ட்ரடியூஸ்டு பை கோயர்ஷன்’னு சிவப்புல ஒரு வரி வந்திருக்கு, அதாவது மாத்த முடியாததையெல்லாம் காலின்னு போட்டுட்டேன்னு அர்த்தம். ஆரை எழுதி ஓட்டுற ஆர்ஸ்டுடியோவுல பேக்கேஜ் லோடு பண்ணாலும் சிவப்புலதான் நாலு வரி வரும், அதனால புள்ளைங்களுக்கு சிவப்பைப் பார்த்தா பயமே விட்டுப் போச்சு, இவனும் கண்டுக்கல. மறுபடியும் என்ஏ. மறுபடி தேடி என்ஏ டாட் ஆர்எம் ட்ரூன்னு போட்டிருக்கான், காலியை விட்டுட்டு கணக்குப் போடுன்னு அர்த்தம். வந்துருச்சு, 612 ரூபா.

எங்க போச்சு மீதின்னா, ஆயிரத்துக்குக் கீழ உள்ள பில்லுக்குத்தான் கமா கிடையாது. 450, 800, 960 இதெல்லாம் ஒழுங்கா நம்பரா மாறிருச்சு. ஆயிரத்துக்கு மேல உள்ள ஒவ்வொரு பில்லும், கல்யாண ஆர்டர் பூராவும், என்ஏ ஆகி, அந்த என்ஏவையும் தூக்கிப் போட்டாச்சு. கடையில கைநிறைய சீடை வாங்கிட்டுப் போனவங்களோட சராசரிதான் அந்த 612. ஒவ்வொரு படியும் நெட்ல சொல்ற சரியான படிதான், எந்தப் படியிலயும் எரர் இல்ல, முடிவு மட்டும் தப்பு. இது எவ்வளவு ஆபத்துன்னு யோசிச்சுப் பாருங்க, இவன் ரெண்டு நாள்ல கைடுகிட்ட குடுக்க இருந்தான்.

செய்ய வேண்டியது இதுதான் தம்பி. ஜிசப் ஃபங்ஷன்ல கமாவை வெறுமையா மாத்திட்டு அப்புறம் நம்பராக்கு, இல்ல ரீட்ஆர் பேக்கேஜ்ல பார்ஸ் நம்பர்னு ஒண்ணு இருக்கு, அதுவே கமாவைக் கழிச்சுக்கும். அதைவிட முக்கியம், நம்பராக்குறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சம்முக்குள்ள இஸ் டாட் என்ஏ போட்டு எத்தனை காலின்னு எண்ணு. முன்னாடி 3 இருந்து பின்னாடி 140 ஆனா அங்கேயே நில்லு. என்ஏ டாட் ஆர்எம் போடுறதுக்கு முன்னாடி எத்தனையைத் தூக்குறோம்னு தெரியாம போடவே கூடாது.

நியாயத்துக்கு இதையும் சொல்லிடுறேன், இந்த விஷயத்துல பைத்தானோட டேட்டா பேக்கேஜ் பாண்டாஸ் ஒண்ணும் யோக்கியம் இல்ல. கமா போட்ட எழுத்தை நேரா ஃப்ளோட்டா, அதாவது தசம நம்பரா மாத்தச் சொன்னா எரர் போட்டு நின்னுரும், அது நல்ல குணம். ஆனா காலியா உள்ளதை சராசரி போடும்போது கேக்காமலே தள்ளிரும். ஆர் அப்படிப் பண்ணாது, ஒரே ஒரு காலி இருந்தாலும் சராசரி தெரியலைன்னு என்ஏவை நீட்டும், நீயா வாய் திறந்து தூக்குன்னு சொன்னாத்தான் தூக்கும். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும், உண்மையாவே பிடிக்கும்.

மத்த எரரெல்லாம் சுருக்கமா. அடிக்கடி என்கிட்ட போட்டோ எடுத்து அனுப்புறது ‘ஆப்ஜெக்ட் ஆஃப் டைப் க்ளோஷர் இஸ் நாட் சப்செட்டபிள்’. இதைப் படிச்சா யாருக்கு என்ன புரியும்? விஷயம் ரொம்ப சாதாரணம், டேட்டா ஃப்ரேமுக்கு, அதாவது உங்க அட்டவணைக்கு, டிஎஃப்னு பேர் வச்சிருப்பீங்க, அதைப் படிக்கிற வரியை ரன் பண்ண மறந்திருப்பீங்க, ஆருக்குள்ள ஏற்கனவே டிஎஃப்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, எஃப் டிஸ்ட்ரிபியூஷனுக்கு உள்ளது, ஆர் அதை எடுத்துக்கிட்டு ஃபங்ஷன்லேருந்து எப்படி காலம் எடுக்குறதுன்னு கேக்குது. டேட்டாங்கிற பேரும் அப்படித்தான். பில்லு, ஆர்டர்னு உங்க பொருளோட பேரை வைங்க, அப்ப மறந்தாலும் ‘ஆப்ஜெக்ட் நாட் ஃபவுண்ட்’னு தெளிவா சொல்லும். கன்சோல்ல பிளஸ் குறி வந்து எதை அடிச்சாலும் பிளஸே வந்தா அடைப்புக்குறியோ மேற்கோளோ மூடல, எஸ்கேப் தட்டுங்க. விண்டோஸ் பாத்தை காப்பி பண்ணி போட்டா பின்சாய்வுக் கோட்டை முன்சாய்வா மாத்துங்க. ஃபில்டர் வேலை செய்யலைன்னா டிப்ளையர் பேக்கேஜ் லோடு ஆகல, ஆரோட சொந்த ஃபில்டர் வேற வேலைக்கு உள்ளது, பேரு மட்டும்தான் ஒண்ணு.

ரிப்பேருக்கு அப்புறம் வந்த ஒண்ணை மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன். பழைய ஹார்ட் டிஸ்க்ல 2017லேருந்து நான் ஆரை அப்டேட் பண்ணாம ஒரு பழைய வெர்ஷனையும் வச்சிருந்தேன், ஒரு வேலைக்காக. அந்த ஸ்கிரிப்ட் 400 பில்லுல 30ஐ குலுக்கி எடுக்கும், அந்த முப்பதை நோட்டோட கையால ஒத்துப் பார்ப்பேன். குலுக்கல் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வர வைக்கிற செட் சீட் நம்பர் அதேதான், புது ஹார்ட் டிஸ்க்ல வேற முப்பது வருது. தலை சுத்திப் போச்சு. அப்புறம் பார்த்தா 2019ல 3.6.0லேயே சாம்பிள் எடுக்குற முறையை மாத்திட்டாங்க, பழைய முறையில பெரிய எண்ணிக்கைக்கு சின்ன சாய்வு இருந்துச்சுன்னு. மாத்துனது சரிதான். பழைய விடையே வேணும்னா ஆர்என்ஜி கைண்ட் ஃபங்ஷன்ல சாம்பிள் கைண்டை ரவுண்டிங்னு வைக்கணும். தீசிஸ் பாதியில இருக்குறவங்க ஆர் வெர்ஷனை ஒரு காகிதத்துலயாவது எழுதி வைங்க.

நான் எதிர்பார்க்காத சந்தோஷமும் ஒண்ணு இருக்கு, அதை விட்டா பாவம். பழைய ஆர்ல விண்டோஸ்ல தமிழ்ப் பேரை பிரிண்ட் பண்ணா கோண அடைப்புக்குள்ள யூ பிளஸ்னு ஆரம்பிச்சு வெறும் குறியீட்டு எண்ணா வரும், சீப்புச் சீடை எது அதிரசம் எதுன்னு தெரியாம நான் ஆங்கிலத்துல மாத்தி மாத்தி வச்சிருந்தேன். 2022ல 4.2.0 வந்ததுலேருந்து விண்டோஸ்லயும் எல்லா மொழி எழுத்தையும் தாங்குற யூடிஎஃப் 8 நேராவே ஓடுது. முதல் தடவை கன்சோல்ல தேன்குழல், கைமுறுக்கு, மனகோலம்னு வரிசையா தமிழ்லயே எறங்குனப்ப லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு ஆச்சி வீட்டுக்கே போயிட்டேன், அவங்க ஒவ்வொரு வரியா விரல் வச்சு படிச்சாங்க, படிச்சுட்டு “ரெண்டு எடத்துல மனகோலம்னு இருக்கே, ஒண்ணு கட்டி வெல்லம் போட்டது, இன்னொண்ணு வேற, தனியா போடு”ன்னு திருத்தம் சொன்னாங்க. டேட்டாவோட சொந்தக்காரங்களே டேட்டாவைப் படிச்சு திருத்துறதுன்னா அதுக்கு மேல எனக்கு என்ன வேணும். அதே 4.2.0ல இஃப் நிபந்தனைக்குள்ள ஒண்ணுக்கு மேல மதிப்பு குடுத்தா எரர்னு நிறுத்துறாங்க, முன்னாடி முதல் மதிப்பை மட்டும் எடுத்துக்கிட்டு ஒரு வார்னிங்கோட போயிரும். இப்படி ஒவ்வொரு தப்பையா சத்தம் போட வைக்கிறாங்க, அதைப் பார்க்கும்போது நல்லா இருக்கு.

காசு ஒரு ரூபா கிடையாது, கிராஃப் அவ்வளவு சுத்தம், ஒரே வரியில மாடல் எழுதலாம், ஹெல்ப் பக்கத்துல உதாரணம் இருக்கு, எட்டு வருஷத்துல எனக்கு இது சோறு போட்டிருக்கு. இவ்வளவும் சொல்லிட்டு, தம்பி, உன் கேள்விக்கு என் பதில் பைத்தான் போயிருன்னுதான். 612ஐப் பார்த்த நாள்லேருந்து மனசு ஆறல எனக்கு. அந்த நம்பர் அச்சாகி, பலகாரத் தொழில்ல சராசரி வியாபாரம் இவ்வளவுதான்னு யாராவது எடுத்துக் காட்டியிருந்தா, விடிகாலை மூணு மணிக்கு எந்திரிச்சு மாவு பிசையுற பொம்பளைங்க உழைப்புக்கு என்ன மரியாதை. அடுத்த மாசம் கேட்டா வேற மாதிரி சொல்வேனோ என்னவோ, இன்னைக்கு இதுதான்.

இந்த ப்ராஜெக்டை மட்டும் ஆர்லயே முடிச்சிரு, வைவாவுக்கு நாள் இல்ல. நாளைக்கு காலையில பத்து மணிக்கு ஆச்சி வீட்டுக்கு வா, ஐப்பசி மாச நோட்டை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன், மொத்தத்தை அவங்க வாயால கூட்டிச் சொல்லட்டும், நீ ஸ்கிரீன்ல பாரு.