மாடியில பூண்டு விளையும்னு சொல்லி 2,400 ரூபா வாங்கிட்டாங்க, வட சென்னை ஆளுங்க யாரும் ஏமாறாதீங்க

கொடுங்கையூர்ல இருந்து எழுதுறேன். நீளமாதான் இருக்கும், ஆனா மாடித்தோட்டம் போடுறவங்க கட்டாயம் படிங்க, ஏன்னா ஆடிப்பட்டம் வருது, எனக்கு பூண்டு கிட் வித்த ஆள் அதே பூண்டு போட்டோவ போட்டு திரும்பவும் ஆர்டர் எடுக்க ஆரம்பிச்சிட்டாரு.

போன அக்டோபர்ல எங்க ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ். பூண்டு வெங்காயம் கிட், பத்து பை, தேங்காய் நார் கழிவு, மலைப்பூண்டு விதை, பெரிய வெங்காய விதை எல்லாம் வீட்டுக்கே வந்துடும், நாலு மாசத்துல நாலு கிலோ பூண்டு எடுக்கலாம்னு. எங்க மாமியாருக்கு வாயுத் தொல்லை, தினமும் பால்ல பூண்டு வேக வச்சு குடிப்பாங்க, அவங்களுக்காகத்தான் ஜிபே பண்ணேன். பண்றதுக்கு முன்னாடி கேட்டேன், "நம்ம ஊர் வெயில்ல பூண்டு வருமா அண்ணே?" "மாதவரத்துலயே நாப்பது வீட்ல விளையுது சிஸ்டர்"னு வாய் கூசாம சொன்னாரு.

பூண்டு முளைச்சுது, அது பொய் இல்ல. பச்சைப் பசேல்னு ஒரு முழத்துக்கு வந்துச்சு, அத்தை முட்டி வலியோட தினமும் காலைல படி ஏறிப் போய் பாத்துட்டு வருவாங்க. பிப்ரவரி கடைசில பிடுங்கினா கீழ ஒண்ணுமே இல்லைங்க. சுண்டைக்காய் சைஸ்ல ஒரு உருண்டை, பல்லு கூட பிரியல, எல்லா பையிலயும் அதே கதை. அத்தை ஒண்ணும் பேசல, அந்த உருண்டைய கைல வச்சு பாத்துட்டே நின்னாங்க, எனக்கு அழுகை வந்துடுச்சு.

தோட்டக்கலைத் துறைல வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒரு சார்கிட்ட கேட்டப்பதான் விஷயமே புரிஞ்சுது. பூண்டு பல்லு பல்லா பிரிஞ்சு திரளணும்னா குளிர் வேணும், நமக்கு மார்கழி ராத்திரியிலயே 20 டிகிரிய ஒட்டித்தான் இருக்கும், அதனால இலை மட்டும் வளரும். நம்ம மாநிலத்துல பூண்டுன்னா ஊட்டி, கொடைக்கானல் பக்கம்தான், கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடே குடுத்திருக்காங்க. நார் கழிவையும் ரெண்டு மூணு தடவ அலசாம போட்டா உப்பு நிக்குமாம், வெங்காயம் உப்பு தாங்காதாம், எங்க போர் தண்ணி வேற ஏற்கனவே உப்பு. இது எதையும் அந்த ஆள் சொல்லவே இல்ல.

வெங்காய விதைல நடந்தது இன்னும் மோசம். வெங்காயம் முளைச்சா நூல் மாதிரி வளைஞ்சு ஒத்த இலையாதான் வரும். எங்க பையில பாதிக்கு மேல ரெண்டு இலை விட்டு அப்புறம் கொத்தமல்லி மாதிரி சன்னமா பிரிஞ்சுது. மிச்சம் இருந்த விதைய அத்தை நசுக்கி மோந்து பாத்துட்டு "இது கருஞ்சீரகம்டி"ன்னாங்க. ரெண்டும் கருப்பா பாக்க ஒரே மாதிரி இருக்கும், கலந்துட்டா கண்ணால கண்டுபிடிக்கிறது கஷ்டம். பாக்கெட்ல ரகம் பேரு, முளைப்புத் திறன், டெஸ்ட் பண்ண தேதி எதுவுமே இல்ல, கலர் படம் மட்டும். அது இல்லாத விதைய வாங்கவே வாங்காதீங்க.

போன் பண்ணா மொதல்ல "தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க"ன்னாரு, அப்புறம் 650 ரூபாய்க்கு ஏதோ டானிக் வாங்க சொன்னாரு, பணத்த திருப்பி கேட்டதும் பிளாக். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் பதிஞ்சிருக்கேன், ஜிபே ஸ்கிரீன்ஷாட், பாக்கெட் போட்டோ எல்லாம் வச்சிருந்தது நல்லதா போச்சு, உங்ககிட்டயும் இருந்தா அழிச்சிடாதீங்க.

வெங்காயம் வேணும்னா சின்ன வெங்காயம் போடுங்க, நம்ம ஊருக்கு அதுதான் சரி. விதை கூட வேணாம், தெரு வண்டில வாங்கினதுல முளை விட்டத எடுத்து நட்டா போதும், 65, 70 நாள்ல தாள், அதாவது மேல இருக்கிற இலை, சாயும், பிடுங்கலாம். நார் கழிவ நல்லா அலசி, மண்ணும் தொழு உரமும் கலந்து அதே பையில கால் கிலோ நட்டோம், ஒரு கிலோவுக்கு மேல வந்துச்சு. பூண்டு நட்டா தாளுக்காக மட்டும் நடுங்க, துவையலுக்கு அருமையா இருக்கும்.

அவர் போடுற போட்டோவ நல்லா பாருங்க, குவிச்சு வச்ச பூண்டுக்குப் பின்னாடி மலைச்சரிவும் படிக்கட்டு மாதிரி வயலும் தெரியும். அந்த படத்தோட மெசேஜ் வந்தா பணம் போடாதீங்க, உங்க குரூப்லயும் சொல்லி வைங்க.