நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை: அட்டையா, குப்பியா, ஸ்பிரேயா?

நெஞ்சு வலி வந்ததும் எடுக்கும் நைட்ரேட் மருந்து மூன்று உருவத்தில் இருக்கிறது. 'சார்பிட்ரேட் 5' என்று கேட்டால் மருந்துக் கடையில் எடுத்துத் தரும் ஐசோசார்பைடு டைநைட்ரேட் மாத்திரை அட்டை ஒன்று. சிறு கண்ணாடிக் குப்பியில் வரும் கிளிசரில் டிரைநைட்ரேட் 0.5 மி.கி. மாத்திரை இன்னொன்று. அதே மருந்தை ஓர் அழுத்துக்கு 0.4 மி.கி. வீதம் தெளிக்கும் ஸ்பிரே மூன்றாவது. இதய நோய் வார்டிலிருந்து வீட்டுக்குப் போகும் பெரும்பாலானவர்களுக்கு அட்டையே ஏற்றது என்பது எங்கள் கணிப்பு. விலை குறைவு, சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும், நம் வெயிலைத் தாங்கும். ஆனால் எப்படி வைப்பது, எப்போது வைக்கக் கூடாது என்று ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தராவிட்டால் மூன்றுமே பாதி மருந்துதான்.

வேகத்தில் குப்பி மாத்திரை முந்தும். 1 முதல் 3 நிமிடத்தில் வலி இறங்கத் தொடங்கும், ஏறக்குறைய அரை மணி நேரம் வேலை செய்யும். அட்டை மாத்திரைக்கு 2 முதல் 5 நிமிடம் பிடிக்கும், 1 முதல் 2 மணி நேரம் நிற்கும். குப்பியின் குறை வேறு இடத்தில். கிளிசரில் டிரைநைட்ரேட் ஆவியாகிப் போகும் சரக்கு. பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றினாலும், குப்பிக்குள் பஞ்சு வைத்தாலும், வேறு மாத்திரைகளோடு கலந்து போட்டாலும் மருந்து அதிலெல்லாம் இறங்கிவிடும். மாத்திரை பார்க்க அப்படியே இருக்கும், வலி வந்த நேரத்தில் கைவிட்டுவிடும். ஞாயிறு முதல் சனி வரை கட்டம் போட்ட மாத்திரைப் பெட்டி மற்ற மருந்துக்கு நல்லது, இதற்கு ஆகாது. சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வைப்பதும் தவறு. திறந்த குப்பியை 8 வாரத்தில் மாற்ற வேண்டும் என்பது பிரிட்டனில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு, அமெரிக்கப் பாடங்களில் 6 மாதம். சித்திரை வெயிலில் பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் குப்பிக்கு முதல் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த தேதியைக் குப்பியின் மேலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும்.

அட்டையில் இந்தத் தொல்லை இல்லை, வேறொன்று உண்டு. கடைக்காரர் பத்து மாத்திரையைக் கத்தரித்துத் தருவார். காலாவதித் தேதி அச்சடித்த ஓரம் கடையிலேயே தங்கிவிடும். வீட்டுக்கு வந்த துண்டில் மருந்தின் பெயர்கூட பாதிதான் இருக்கும். முழு அட்டையாகவே வாங்குங்கள். முடியாவிட்டால் தேதி உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள். இன்னொரு குழப்பம், 5-க்கும் 10-க்கும் இடையில். சிலருக்கு 10 மி.கி. மாத்திரையைத் தினமும் விழுங்கச் சொல்லி எழுதியிருப்பார்கள், 5 மி.கி. வலிக்கு மட்டும். இரண்டும் ஒரே பெயர். 5 அட்டையின் மேல் பெரிய எழுத்தில் 'வலி வந்தால் மட்டும், நாக்குக்கு அடியில்' என்று பேனாவால் எழுதிக் கொடுப்பது வார்டு சிஸ்டருக்கு அரை நிமிட வேலை. சீட்டில் 'எஸ்.ஓ.எஸ்.' (தேவைப்பட்டால் மட்டும்) என்று எழுதுவதை நோயாளி படிக்கப்போவதில்லை, படித்தாலும் புரியப்போவதில்லை.

வைக்கும் முறை. வலி வந்ததும் செய்கிற வேலையை நிறுத்தி உட்கார வேண்டும். நின்றபடி வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றி விழுவார்கள். மூச்சுத் திணறல் இருக்கும்போது தட்டையாகப் படுக்கவும் கூடாது, சாய்ந்து உட்காருவதே சரி. வாயில் வெற்றிலை பாக்கு இருந்தால் துப்பிவிட்டு ஒரு மிடறு தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். வயதானவர்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் வாய் வறண்டிருக்கும். காய்ந்த நாக்கின் அடியில் மாத்திரை கல்போல அப்படியே கிடக்கும். அதனால் முதலில் ஒரு வாய்த் தண்ணீர், பிறகு மாத்திரை. நாக்கைத் தூக்கி அடியில் உள்ள மென்மையான பள்ளத்தில் வைத்து வாயை மூடிக்கொள்ள வேண்டும். கரையும் வரை பேச்சு, காபி, புகை எதுவும் வேண்டாம். எச்சில் ஊறினால் கொஞ்சம் பொறுத்து விழுங்கலாம். மாத்திரையையே விழுங்கினால் அது குடல் வழியாகக் கல்லீரலுக்குப் போய், அங்கேயே பெரும்பகுதி சிதைந்துவிடும். மிச்சம் இதயத்துக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். 'போட்டேன், கேட்கவில்லை' என்று வருபவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, விழுங்கினீர்களா என்பதுதான்.

நாக்கில் சுருக்கென்று எரிந்தால்தான் மாத்திரை நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம், தேதியைப் பாருங்கள்.

முதல் மாத்திரை வைத்து 5 நிமிடம் கடிகாரத்தைப் பாருங்கள். வலி குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால் 108-ஐ அழைக்க வேண்டிய நேரம் அதுதான். மூன்று மாத்திரை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வண்டி வரும்வரை, மருத்துவர் சீட்டில் எழுதியிருந்தால், 5 நிமிட இடைவெளியில் மொத்தம் 3 வரை வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். தலை சுற்றினாலோ வியர்த்து உடம்பு சில்லிட்டாலோ அடுத்ததை வைக்காமல் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். சொந்தக் காரில் அழைத்துப்போவதைவிட 108 வண்டி மேல். வழியில் இதயத் துடிப்பு தடுமாறினால் கவனிக்க ஆளும் கருவியும் அதில் உண்டு.

வலி நின்றுவிட்டால் இதய வலி, நிற்காவிட்டால் வாயு என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இது ஆபத்தான கணக்கு. உணவுக்குழாய் இறுகி வரும் வலியும் இதே மாத்திரைக்கு இறங்கும். ரத்தக் கட்டு முழுவதுமாக அடைத்த மாரடைப்பு வலியோ இதற்கு அசையாமல் நிற்கும். மாத்திரை அடைப்பைக் கரைப்பதில்லை. உடம்பில் நைட்ரிக் ஆக்சைடாக மாறி ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. ரத்தம் சிரைகளில் தேங்க, இதயத்துக்குத் திரும்பும் அளவு குறைந்து அதன் பாரம் இறங்குகிறது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதல் வேளையாகத் தரும் 14 மாத்திரைகளைப் பாருங்கள், மூன்றே வகை: ரத்தம் கட்டுவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின். நைட்ரேட் அதில் இல்லை. நாக்கடியில் ஒன்றை வைத்துவிட்டோம் என்று வீட்டில் உட்கார்ந்துவிடுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

யாருக்கு வைக்கவே கூடாது என்பதில்தான் கற்பித்தல் அடிக்கடி கோட்டை விடுகிறது. ஆண்மைக் குறைவுக்கு எடுக்கும் மாத்திரைகளில் சில்டனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள், டடாலஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள் எந்த நைட்ரேட்டும் கூடாது. இவற்றில் ஒன்றோடு நைட்ரேட் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். இதை வார்டு நடுவில், மகளும் மருமகனும் நிற்கும்போது கேட்டால் 'இல்லை' என்ற பதில்தான் வரும். திரை இழுத்துத் தனியாகக் கேளுங்கள். 'அந்த மாத்திரை' என்று மட்டும் கேட்டாலும் போதாது. டடாலஃபிலை புராஸ்டேட் வீக்கத்துக்கும் எழுதுகிறார்கள், சில்டனாஃபிலை நுரையீரல் ரத்த அழுத்தத்துக்குப் பெண்களும் சாப்பிடுகிறார்கள். பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும், மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் என்றால் மேல் அழுத்தம் 90-க்குக் கீழே இருக்கும்போதும், இதயத்தின் வலது பக்க மாரடைப்பு என்று சந்தேகம் இருக்கும்போதும் வைக்கக் கூடாது. கீழ்ச்சுவர் மாரடைப்பு ஈ.சி.ஜி. வந்தால் வலது பக்க ஈ.சி.ஜி. எடுக்கும்வரை கையைக் கட்டிக்கொள்ளுங்கள். கொடுத்தால், கொடுக்கும் முன்பும் 5 நிமிடம் கழித்தும் அழுத்தத்தையும் நாடியையும் எழுதுங்கள்.

தலைவலி வரும், முகம் சூடாகும். மருந்து வேலை செய்வதன் அடையாளம் அது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பயப்பட மாட்டார்கள். பாராசிட்டமால் போதும். சொல்லாவிட்டால் இரண்டாவது முறை வலி வரும்போது மாத்திரையை எடுக்கவே மாட்டார்கள்.

ஸ்பிரே யாருக்கு? கை நடுங்கி அட்டையைப் பிரிக்க முடியாதவர்கள், மூட்டு வாதக்காரர்கள், கண் மங்கியவர்கள், எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் வாய் காய்ந்தே இருப்பவர்கள். விலை கூட, எல்லாக் கடையிலும் இருக்காது. புதுக் குப்பியைத் துண்டுச்சீட்டில் சொன்ன எண்ணிக்கைக்குக் காற்றில் அழுத்திய பிறகுதான் முழு அளவு வரும். அதைச் செய்யாமல் வலி நேரத்தில் முதல் அழுத்தை வாயில் அடித்தால் வெறும் காற்று. குலுக்க வேண்டாம், நிமிர்த்திப் பிடித்து நாக்கின் மேலோ அடியிலோ ஓர் அழுத்து, மூச்சை உள்ளே இழுக்காமல். ஆஸ்துமா பம்பு பழகியவர்கள் இதையும் உறிஞ்சுவார்கள், அவர்களுக்கு இருமுறை செய்து காட்டுங்கள். விளக்கு, அடுப்பு பக்கத்தில் வேண்டாம்.

இதே கிளிசரில் டிரைநைட்ரேட்டைத் தோல் வழியாகச் செலுத்தும் ஒட்டுப்பட்டை, நைட்ரோடெர்ம் டி.டி.எஸ். போன்றது, வலி வந்தபின் ஒட்டுவதற்கு அல்ல, வராமல் தடுப்பதற்கு. காலை 8 மணிக்கு ஒட்டினால் இரவு 8-லிருந்து 10-க்குள் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். 24 மணி நேரமும் ஒட்டியிருந்தால் உடம்பு மருந்துக்குப் பழகி, பலன் தேய்ந்துபோகும். வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் நைட்ரோகிளிசரின் (கிளிசரில் டிரைநைட்ரேட்டின் இன்னொரு பெயர்) புழங்கிய தொழிலாளர்களுக்கு வார நடுவில் தலைவலி நின்றுவிடும், விடுமுறை கழித்துத் திங்கட்கிழமை மறுபடி பிடித்துக்கொள்ளும். பழகிப்போவதும் இடைவெளி விட்டால் மீள்வதும் அன்றே தெரிந்த சங்கதி. வலி வராமல் தடுக்கத் தினமும் விழுங்கும் ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் 20 மி.கி. மாத்திரைக்கும் இதே நியாயம். காலை 8, பிற்பகல் 3 என்று 7 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை. 'இரண்டு வேளை' என்று மட்டும் எழுதினால் காலை ஒன்று, இரவு ஒன்று என்றுதான் எடுப்பார்கள், மருந்து வீண்.

பட்டையை முடி இல்லாத நெஞ்சு, மேல்கை, தோள் என்று இடம் மாற்றி ஒட்டுங்கள். எடுத்ததை ஒட்டும் பக்கம் உள்ளே வர மடித்துப் போடுங்கள், குழந்தை கையில் சிக்கக் கூடாது. வார்டில் கையுறை போடாமல் எடுக்கும் சிஸ்டருக்கும் தலைவலி வரும். எம்.ஆர்.ஐ.க்கும் இதயத்துக்கு ஷாக் கொடுப்பதற்கும் முன்னால் பட்டையை எடுத்தோமா என்று பாருங்கள், சிலவற்றின் முதுகில் உலோகத் தகடு உண்டு.

கூடவே வரும், இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபுரோலால், அட்டெனோலால் பற்றி ஒரே பேச்சு: நாடி 60-க்குக் கீழே இருந்தால் அந்த வேளையைப் போடும் முன் மருத்துவரைக் கேளுங்கள், தீர்ந்துபோனது என்று ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் வலி முன்னிலும் மோசமாகத் திரும்பும். நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இவை மறைத்துவிடும், வியர்வையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரத்தக் குழாயைத் தளர்த்தும் ஆம்லோடிபின் எடுப்பவருக்குக் கணுக்கால் வீங்கினால் ஷூவை மாற்றாமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். மாத்திரை எங்கே வைப்பீர்கள் என்று வாயைத் திறந்து காட்டட்டும். எத்தனை நிமிடம் கழித்து 108 என்று வீட்டாரில் ஒருவர் சொல்லட்டும். படுக்கையில் ஒன்று, வெளியே போகும் பையில் ஒன்று என இரண்டு அட்டை எங்கே இருக்கும் என்று இன்னொருவர் சொல்லட்டும். பதிலில் தடுமாறினால் அன்றைக்கே மறுபடி சொல்லிக்கொடுங்கள், டிஸ்சார்ஜ் ஒரு மணி நேரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.