பிழைதிருத்தமா, திருத்திய நூலா, புதிய பதிப்பா?

மேசையில் ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டு ஒன்றின் அடிப்படை விதிநூல் பழையதாகிவிட்டால், பிழைதிருத்தப் பட்டியலோடு அதையே தொடரலாம், பழையதோடு ஒத்துப்போகும் திருத்திய நூலைக் கொண்டுவரலாம், அல்லது விதிகளை அடியோடு மாற்றிப் புதிய பதிப்பை வெளியிடலாம்.

பிழைதிருத்தப் பட்டியலால் யாருக்கும் செலவில்லை. ஆனால் பட்டியல் நீண்டுவிட்டால், கையிலுள்ள நூலை நம்புவதா வேண்டாமா என்ற ஐயம் ஆட்டத்தின் நடுவே எழுந்துகொண்டே இருக்கும்.

புதிய பதிப்பில் குழப்பம் குறைவு, இழப்பு அதிகம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்பு விளையாட்டின் நான்காம் பதிப்பு 2008இல் வந்தது; அது பழைய அமைப்பிலிருந்து வெகுதூரம் விலகியதால் பலர் அதற்கு முந்தைய 3.5 பதிப்பின் விதிகளிலேயே தங்கிவிட்டனர்; பிறரும் பயன்படுத்த அனுமதிக்கும் திறந்த உரிமத்தின் கீழ் அவ்விதிகளை வளர்த்தெடுத்து பைசோ நிறுவனம் 2009இல் பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டை வெளியிட்டது. தான் கைவிட்ட விதிகளே தனக்குப் போட்டியாகத் திரும்பி வரும் நிலையை எந்தப் பதிப்பாளரும் விரும்பமாட்டார்.

திருத்திய நூலே என் தேர்வு, ஆனால் அதைச் செய்யும் விதம் முக்கியம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பான 2014 நூலில் பாத்திரத்தின் களைப்பின் ஆறு படிகளுக்கும் தனித்தனி விளைவுகள் இருந்ததால் அட்டவணையைப் புரட்டாமல் ஆட முடியாது. அதைத் திருத்திய 2024 நூலிலோ ஒவ்வொரு படிக்கும் இருபதுமுகப் பகடையின் விளைவில் இரண்டும், வேகத்தில் ஐந்தடியும் குறைகின்றன, ஆறாம் படியில் மரணம், அவ்வளவுதான். இது நல்ல திருத்தம். எனினும் காயம் ஆற்றும் மந்திரத்துக்குப் பழைய நூல் ஒரு எண்முகப் பகடையையும் புதிய நூல் இரண்டையும் உருட்டச் சொல்வதால், ஒரே மேசையில் இரு நூல்களும் இருந்தால் வாக்குவாதம் நிச்சயம். ஆறாம் பதிப்பு என்று பெயரிடத் தயங்கியதன் விலை இது.

கால் ஆஃப் கதுலு என்ற திகில் விளையாட்டின் ஏழாம் பதிப்பு இதை நேர்த்தியாகக் கையாண்டது: பழைய பண்பு எண்களை ஐந்தால் பெருக்கினால் போதும், வலிமை 13 என்பது 65 ஆகிவிடும். பதிப்பு எண்ணையும் மறைக்கவில்லை. பழைய சாகசக் கதைநூல்களும் வீணாகவில்லை.

2023இல் பாத்ஃபைண்டர் விதிநூல்கள் மறுபடி எழுதப்பட்டதற்கு முதன்மைக் காரணம் ஆட்டத்தின் குறை அல்ல, அது சார்ந்திருந்த அந்தத் திறந்த உரிமத்தில் எழுந்த சிக்கல். அதன் விதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால், பழைய நூலை வைத்திருப்பவர் மாற்றங்களைப் படித்துப் பார்த்தபின் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.