பழைய கார் வாங்கும்முன்: அடியில் புதிதாக அடித்த கறுப்புக் கோட்டிங்கை நம்பாதீர்கள்

கடலோரமாகவே ஓடிய 2011 மாடல் ஹேட்ச்பேக் ஒன்று "சிங்கிள் ஓனர், ஒரு கீறல் கிடையாது" என்று விற்கப்பட்டது. இன்ஜின் நன்றாக இருந்தது, பெயின்ட் பளபளத்தது. அடுத்த மழைக்காலத்தில் பஞ்சர் கடையில் தூக்கியபோது, ஜாக்கித் தலை கதவுக்குக் கீழே இருக்கும் ரன்னிங் போர்டுக்குள் இறங்கிவிட்டது. துரு தின்று, அங்கே தகடு என்று ஒன்று மிச்சமில்லை. ஃபைபர் மேட், அதன்மேல் பட்டி, அதன்மேல் கறுப்பு அண்டர்கோட்டிங். விற்றவர் "பார்த்துத்தானே எடுத்தீங்க" என்று கை விரித்துவிட்டார்.

இது பச்சை மோசடி. சாதாரண ஹேட்ச்பேக், செடான்களில் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் சேஸிஸ். பக்கவாட்டில் இன்னொரு வண்டி இடித்தால் தாங்க வேண்டியது இந்த ரன்னிங் போர்டு. அங்கே பட்டி பூசி விற்பது உயிரோடு விளையாடுவது.

வண்டியைப் பகல் வெளிச்சத்தில், காய்ந்த நிலையில் மட்டும் பாருங்கள். வாட்டர் வாஷ் செய்த ஈரத்தில், துருவால் பெயின்டில் எழும் கொப்புளம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வீல் ஆர்ச் விளிம்பு, கதவின் கீழ்ப்பகுதி, ரன்னிங் போர்டு எல்லாவற்றிலும் நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் பட்டி இருக்கிறது. பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது: கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான், 300-ஐத் தாண்டினால் கீழே வேலை நடந்திருக்கிறது.

அடுத்தது பலரும் விட்டுவிடும் இடம். கதவைத் திறந்து, ரப்பர் பீடிங்கைக் கையால் இழுத்துப் பாருங்கள். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் சின்ன வட்டக் குழிகளாக, ஒரே சீரான இடைவெளியில் தெரியும். அந்தக் குழிகள் இல்லாமல் வழவழவென்றோ கரடுமுரடாகவோ இருந்தால், அந்தப் பகுதியை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் அல்லது பட்டியால் மூடியிருக்கிறார்கள்.

கதவின் அடியிலும் ரன்னிங் போர்டின் அடியிலும் தண்ணீர் வடியும் துளைகள் உண்டு. தீக்குச்சி நுழைகிறதா பாருங்கள். அவசரமாக அடித்த கோட்டிங் இந்தத் துளைகளை அடைத்துவிடும். உள்ளே நிற்கும் தண்ணீர் தகட்டை உள்ளிருந்தே தின்னும். வெளியே கொப்புளம் வருவது கடைசிக் கட்டம். சைலன்சர் குழாய், போல்ட் தலை, பெட்ரோல் பைப் மேலெல்லாம் கறுப்புத் தூறல் படிந்திருந்தால், விற்பதற்காகவே அடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே, முன்சீட் இரண்டின் கால்வைக்கும் இடத்திலும் கார்பெட்டைத் தூக்குங்கள். ஏசி வடிகால் குழாய் அடைத்திருந்தால் டாஷ்போர்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கி, கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஃபோமில் மாதக்கணக்கில் தேங்கும். டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்து அந்தக் குழியையும் பாருங்கள். சீட் ரெயில் போல்ட், சீட் பெல்ட் அடிக் கொக்கி, டாஷ்போர்டு உட்புற பிராக்கெட் ஆகியவற்றில் துருவும் வண்டலும் சேர்ந்து இருந்தால், வண்டி வெள்ளத்தில் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் மூழ்கிய வண்டிகளை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் கேளுங்கள்.

பிறகு, வீல் அலைன்மென்ட் கடையிலோ சர்வீஸ் ஸ்டேஷனிலோ ராம்ப்பில் ஏற்றுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையை விடாதீர்கள். ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று கேட்கும். மக்கியது பொத்தென்று கேட்கும். ஸ்டீல் பிரேக் பைப்பில் செதில் செதிலாகத் துரு உரிந்தால், அவசர பிரேக் அழுத்தும் நேரத்தில் வெடிக்கக்கூடிய பைப் அது.

சைலன்சர் துரு, கதவு விளிம்பில் மேலோட்டமான துரு என்றால் விலையைக் குறைத்து வாங்கலாம். ரன்னிங் போர்டு, முன் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் தூண்) உட்காரும் இடம், சீட் பெல்ட் பிடிப்பு, பின் சஸ்பென்ஷன் பிடிப்பு ஆகிய நான்கில் எது மக்கியிருந்தாலும் என்ன விலைக்கும் வேண்டாம். ராம்ப்பில் ஏற்ற மறுப்பவரிடம் ஒரு ரூபாய் டோக்கன்கூடக் கொடுக்காதீர்கள்.