மெக்கானிக்கல் கீபோர்டு: பல வருடம் தட்டிய பிறகு

மெக்கானிக்கல் கீபோர்டு, அதாவது ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி ஸ்விட்ச் உள்ள கீபோர்டு, என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது ஸ்விட்ச் என்ன நிறம், சத்தம் எப்படி என்பதைத்தான். பல வருடம் தினமும் தட்டிப் பார்த்த பிறகு முதல் கேள்வி மாறிவிடுகிறது: இதைக் கழற்ற முடியுமா? ஸ்விட்ச் ஈயப்பற்றை உருக்காமலே வெளியே வருமா, அடிப்பாகத்தில் திருகாணி இருக்கிறதா அல்லது ஒட்டி மூடிவிட்டார்களா, கேபிளைப் பிடுங்கி மாட்டலாமா, வேறு கீகேப் (விசையின் மேல்மூடி) இதற்குப் பொருந்துமா. இவை நான்கும் சரியாக அமைந்தால் நடுத்தர ரகக் கீபோர்டுகூட நெடுநாள் வரும். இல்லையென்றால் எவ்வளவு அழகாக விளக்கு எரிந்தாலும் ஒரே ஒரு விசை பழுதானதும் மொத்தமும் மூலைக்குப் போய்விடும்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் "5 கோடி அழுத்தம்" என்ற எண்ணைப் பார்த்து முடிவெடுக்கத் தேவையில்லை. ஒரு நாளைக்கு ஸ்பேஸ் பாரை 4,000 தடவை அழுத்துபவருக்கு 5 கோடியைத் தொட 12,500 நாள், அதாவது 34 வருடம் ஆகும். மற்ற விசைகளுக்கு அதைவிடக் கூடுதல். அதற்கு வெகு முன்பே வேறு ஏதாவது கெடும். நடைமுறையில் முதலில் கெடுவது ஸ்டெபிலைசர். அடுத்து ஏதோ ஒரு ஸ்விட்ச்சில் தூசி. அதன் பிறகு யுஎஸ்பி வாய்.

ஸ்டெபிலைசர் என்பது அகலமான விசைகளின் இரண்டு ஓரமும் ஒரே சமயத்தில் இறங்குவதற்காக அடியில் வைத்திருக்கும் வளைந்த கம்பியும் அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் துண்டுகளும். ஒரு சாதாரண விசையின் இடம் 19.05 மில்லிமீட்டர், அதை ஒரு யூனிட் என்பார்கள். இரண்டு யூனிட்டும் அதற்கு மேலும் உள்ள விசைகளுக்கு, அதாவது பேக்ஸ்பேஸ், என்டர், இரண்டு ஷிஃப்ட், ஸ்பேஸ் பார் ஆகியவற்றுக்கு, இது கட்டாயம். புதிதில் தடவியிருக்கும் கிரீஸ் குறைந்ததும் கம்பி பிளாஸ்டிக்கில் மோதி "சளக் சளக்" என்று சத்தம் போட ஆரம்பிக்கும். கீபோர்டு பழசாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கால் மணி நேர வேலை இது. கீகேப்பை எடுத்துவிட்டு, கம்பியின் இரண்டு நுனியும் பிளாஸ்டிக்குக்குள் நுழையும் இடத்தில் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸை மெல்லிய ஊசி பொருத்திய சிரிஞ்சால் ஒரு கடுகளவு விட வேண்டும். விசையை இருபது முப்பது தடவை அழுத்தினால் பரவிவிடும். அதிகமாக விட்டால் விசை மேலே எழும்பத் தாமதிக்கும். குறிப்பாகப் பேக்ஸ்பேஸில் இது உடனே தெரியும்.

கிரீஸ் போட்ட பிறகும் ஒரு பக்கம் மட்டும் சத்தம் வந்தால் கம்பி கோணியிருக்கிறது. அதைக் கழற்றிக் கண்ணாடி மேல் படுக்க வைத்து ஒரு முனையை விரலால் தட்டிப் பாருங்கள். மறுமுனை ஆடினால் கையாலேயே மெதுவாக முறுக்கி நேராக்கலாம். துரு நீக்கும் ஸ்ப்ரேயை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவரக் கூடாது. அது ஏற்கனவே இருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும். வழவழப்பு சில நாளில் போய்விடும், தூசி ஒட்டுவதுதான் மிஞ்சும்.

அடுத்தது, ஒரு தடவை அழுத்தினால் இரண்டு எழுத்து விழுவது. ஸ்விட்ச்சுக்குள் இருக்கும் உலோகத் தகடுகள் தொடும்போது சில மில்லிவினாடிகளுக்கு அதிர்ந்து தொட்டும் விட்டும் நிற்கும். அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது கீபோர்டுக்குள்ளேயே ஓடும் நிரலான ஃபர்ம்வேரின் வேலை. பல கீபோர்டுகளில் வரும் கியூஎம்கே என்ற ஃபர்ம்வேரில் இதற்கு இயல்பாக 5 மில்லிவினாடி ஒதுக்கியிருக்கிறார்கள். தகட்டில் தூசியோ பிசுக்கோ படிந்தால் அதிர்வு அதையும் தாண்டிப் போகும். அப்போதுதான் இரட்டை எழுத்து விழும்.

ஆங்கிலத்தில் இது வெறும் எழுத்துப் பிழை. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் தட்டுபவர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி. ஒரே மெய்யை இரண்டு தடவை அழுத்தினால் நடுவில் தானாகப் புள்ளி விழும் வசதி அதில் உண்டு. ஆகவே க விசையில் இந்தக் கோளாறு வந்தால் "மகள்" என்று தட்டியது "மக்கள்" ஆகிவிடும். ட விசையில் வந்தால் "பாடு" என்பது "பாட்டு" ஆகும். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் எழுத்துப் பிழை திருத்தி கண்டுகொள்ளாது. தமிழில் அதிகம் தட்டுபவர்கள் ஸ்விட்ச்சைக் கழற்றி மாற்றக்கூடிய கீபோர்டைத்தான் எடுக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்க்க எளிய வழி உண்டு. சந்தேகத்துக்குரிய ஸ்விட்ச்சைப் பிடுங்கி, யாருமே தொடாத ஸ்க்ரோல் லாக் ஸ்விட்ச்சோடு இடம் மாற்றுங்கள். இரட்டை எழுத்து ஸ்க்ரோல் லாக் பக்கம் போனால் ஸ்விட்ச் பழுது. அதை அங்கேயே விட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். பழைய இடத்திலேயே இருந்தால் கோளாறு ஸ்விட்ச் செருகும் சாக்கெட்டிலோ அடியில் இருக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டிலோ இருக்கிறது. ஈயம் வைத்துப் பற்றிய ஸ்விட்ச் என்றால், கீகேப் மாட்டும் மேல் தண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு எலெக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு விட்டு, ஐம்பது தடவை அழுத்தி, நன்றாக உலர விட்ட பிறகு மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி சரியாகிவிடும். கியூஎம்கே கீபோர்டில் அந்த 5 என்ற எண்ணை 8 அல்லது 10 ஆக உயர்த்தி ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றலாம். தட்டும்போது வித்தியாசம் தெரியாது. அடுத்தடுத்து விழும் அழுத்தங்களை ஒதுக்க விண்டோஸில் உள்ள ஃபில்டர் கீஸ் வசதி இதற்கு உதவாது. அது அரை நொடிக் கணக்கில் காத்திருக்கும், வேண்டுமென்றே தட்டும் இரட்டை மெய்யையும் விழுங்கிவிடும்.

ஸ்விட்ச் மாற்றும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். அடியில் இருக்கும் இரண்டு உலோகக் கால்களும் மிக மெல்லியவை. கோணலாக அழுத்தினால் மடங்கிப் போய், ஸ்விட்ச் உட்கார்ந்த மாதிரி இருக்கும், ஆனால் எழுத்து வராது. மாட்டுவதற்கு முன் கால் நேராக இருக்கிறதா என்று பார்த்து, செங்குத்தாக இறக்க வேண்டும். இறங்க மறுத்தால் பலம் காட்டாமல், போர்டைக் கழற்றி சாக்கெட்டுக்குப் பின்னால் விரலை அண்டைகொடுத்து அழுத்துங்கள். இல்லாவிட்டால் சாக்கெட் போர்டிலிருந்து பெயர்ந்துவிடும், கூடவே செம்புத் தடமும் கிளம்பிவிடலாம். மூன்று கால் சாக்கெட்டில் ஐந்து கால் ஸ்விட்ச் மாட்ட வேண்டுமென்றால் ஓரத்தில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியால் வெட்டிவிட்டாலே போதும்.

சுத்தம் செய்வதில் பலரும் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். முதலில் கீபோர்டை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீகேப் பிடுங்குவதற்குக் கம்பி வகைக் கருவிதான் நல்லது. பிளாஸ்டிக் வளையம் பக்கவாட்டில் கீறிவிடும். ஸ்பேஸ் பாரை ஒரு பக்கமாக நெம்பாமல் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். கீகேப்புகளை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஊறப்போட்டு, கையால் தேய்த்து அலசி, குழிப்பக்கம் கீழே இருக்குமாறு கவிழ்த்து ஒரு முழு நாள் உலர விடுங்கள். தண்டு நுழையும் சிலுவைக் குழியில் தண்ணீர் தங்கும், அது நேராக ஸ்விட்ச்சுக்குள்தான் இறங்கும். ஹேர் டிரையரின் சூட்டைக் காட்டினால் வளைந்துவிடும். போர்டுக்கு மென்மையான பெயின்ட் பிரஷும் கைப்பம்பும் போதும். காற்று அடைத்த டப்பா வைத்திருந்தால் நிமிர்த்தியே பிடியுங்கள். சாய்த்தால் உள்ளிருக்கும் திரவமே வெளியே பீய்ச்சும்.

தண்ணீர் கொட்டினால் அந்தக் கணமே கேபிளைப் பிடுங்கி, கவிழ்த்துப் போட்டு, இரண்டு நாள் தொடாமல் விடுங்கள். வேலை செய்கிறதா என்று நடுவில் தட்டிப் பார்ப்பதுதான் பலருடைய கீபோர்டைக் கொன்றிருக்கிறது. சர்க்கரை கலந்த பானம் என்றால் உலர்ந்தாலும் பிசுபிசுப்பு போகாது. அந்தப் பகுதி ஸ்விட்ச்சுகளைக் கழற்றி, போர்டை 90 சதவீதத்துக்கு மேல் உள்ள ஐசோபிரொபைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். அசிட்டோன் வேண்டாம், பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

கீகேப் விஷயத்தில் பிபிடி, ஏபிஎஸ் என்று இரண்டு பிளாஸ்டிக் உண்டு. ஏபிஎஸ் சீக்கிரமே எண்ணெய் பூசியது மாதிரி பளபளக்கும். அது அழுக்கு இல்லை, மேற்பரப்பு தேய்ந்துபோனது, எத்தனை கழுவினாலும் திரும்பாது. பிபிடி நெடுநாள் சொரசொரப்பாகவே இருக்கும். ஆனால் வார்க்கும்போது அது அதிகம் சுருங்குவதால் நீளமான ஸ்பேஸ் பார் வளைந்து வர வாய்ப்புண்டு. வாங்கியதும் மேசையில் வைத்து ஆடுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. மாற்று கீகேப் வாங்க நினைப்பவர்கள் கீழ் வரிசையைக் கவனியுங்கள்: ஸ்பேஸ் பார் 6.25 யூனிட்டாக இருந்தால் பெரும்பாலான தொகுப்புகள் பொருந்தும், வேறு அளவென்றால் தேடியே களைத்துப்போவோம். தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டுவது பற்றி ஒரு வார்த்தை: வேண்டாம். ஓரம் கிளம்பி விரலில் பசை ஒட்டும். தமிழ்99-இல் உயிர் இடது கையிலும் மெய் பெரும்பாலும் வலது கையிலும் இருப்பதால் விசையைப் பார்க்காமல் தட்டப் பழகுவது நினைப்பதைவிடச் சுலபம். புள்ளி விழுவது எஃப் விசையில். அங்கே விரலுக்குத் தட்டுப்படும் மேடு ஏற்கனவே இருக்கிறது.

ஸ்விட்ச் ரகத்தில் என் தீர்ப்பு எழுதுபவர்களுக்கு பிரவுன். செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் வரிசையில் அழுத்தத் தேவையான பலம் ரெட்டுக்கு 45 சென்டிநியூட்டன், பிரவுனுக்கு 55, புளூவுக்கு 60. ரெட் தடையே இல்லாமல் இறங்குவதால் சும்மா வைத்திருக்கும் விரலும் எழுத்தைப் போட்டுவிடும். புளூவின் "கிளிக்" முதல் வாரம் இன்பமாக இருக்கும், அதற்குப் பிறகு அதே அறையில் இன்னொருவர் இருந்தால் நிம்மதி போய்விடும். அளவில் 87 விசை உள்ளது சிறந்தது: எண் பலகை இல்லாததால் மவுஸ் பக்கத்தில் வரும், அம்புக்குறிகள் தனியாக இருக்கும். 61 விசைக் கீபோர்டு பார்க்க லட்சணமாக இருக்கும், அம்புக்குறிகள் தனியாக இல்லாததால் திருத்தம் பார்ப்பவருக்கு மட்டும் சரிவராது. பின்கால்களை நிமிர்த்தாமல் வையுங்கள், மணிக்கட்டு மேல்நோக்கி மடங்காமல் இருக்கும்.

வயர்லெஸ் கீபோர்டில் எழுத்து விட்டுப்போவதோ ஒரே எழுத்து வரிசையாக ஓடுவதோ நடந்தால் பேட்டரியைக் குறை சொல்லும் முன் ரிசீவர் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி 3.0 வாயும் கேபிளும் ரிசீவர் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ரேடியோ இரைச்சல் எழுப்பும். இன்டெல் 2012-இலேயே இதை விளக்கி ஆவணம் வெளியிட்டது. ஒரு நீட்டிப்புக் கேபிள் போட்டு ரிசீவரைக் கீபோர்டுக்கு அருகே கொண்டுவந்தால் முடிந்தது.

மென்பொருள் பக்கம் வந்தால், கேப்ஸ் லாக் விசையை வீணாக விட்டுவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இவ்வளவு நல்ல இடத்தில் இருந்துகொண்டு இவ்வளவு குறைவாக வேலை செய்யும் விசை வேறில்லை. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ் நிரலில் உள்ள கீபோர்டு மேனேஜர் இதை மாற்றித் தரும், ஆனால் அந்த நிரல் ஓடிக்கொண்டிருந்தால்தான். விசைகளை மாற்றியமைக்க உதவும் வியா செயலியின் ஆதரவு உள்ள கீபோர்டில் மாற்றம் கீபோர்டின் நினைவகத்திலேயே பதிவாகும். எந்தக் கணினியில் செருகினாலும் கூடவே வரும். குரோம் வகை உலாவியில் வியா பக்கத்தைத் திறந்து, கீபோர்டை அனுமதித்து, விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்ந்து அழுந்தும் மேக்ரோ (ஒரே அழுத்தில் பல விசைகளை அனுப்பும் கட்டளை) ஒன்றை அமைத்து, அதைக் கேப்ஸ் லாக்கில் வைத்தால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே விரலில் மாறலாம். அமைப்பை ஒரு கோப்பாகச் சேமித்து வையுங்கள், ஃபர்ம்வேர் புதுப்பிக்கும்போது எல்லாம் அழிந்துபோகக்கூடும்.

கடைசியாக யுஎஸ்பி வாய். டைப்-சி வாய் 10,000 தடவை செருகி எடுக்கத் தாங்கும்படி வடிவமைத்தது. செருகி எடுப்பதால் அது கெடுவது அபூர்வம். பக்கவாட்டில் இழுபடுவதால்தான் ஈயப்பற்று விட்டுப்போகிறது. மேசை விளிம்பில் கேபிள் விறைப்பாகத் தொங்காமல் ஒரு சுற்றுத் தளர்த்தி விடுங்கள், இடம் குறைவாக இருந்தால் எல் வடிவ முனை உள்ள கேபிள் போடுங்கள். கேபிளை லேசாக அசைத்தால் விளக்கு அணைந்து எரிகிறதென்றால் முதலில் வேறு கேபிள் மாட்டிப் பாருங்கள். அப்படியும் அணைந்தால் வாயின் பற்றை மறுபடி வைக்க வேண்டும். செம்புத் தடம் முழுதாகக் கிழிவதற்கு முன்பே கொடுத்தால் செல்போன் பழுதுபார்ப்பவரே செய்து தந்துவிடுவார்.