பெருஞ்சுவருக்குப் போகிறவர்கள் எந்தப் பகுதி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்

பாளையங்கோட்டையில் மேடைப் போலீஸ் நிலையம் என்று அழைக்கப்படும் பழைய கோட்டை வாசலைப் பார்த்தே வளர்ந்த என் அம்மாவுக்கு, சீனப் பெருஞ்சுவரின் மேல் ஒரு தடவையாவது நின்றுவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. எழுபது வயதாகிவிட்டது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஆகவே எங்கள் ஊர்ப் பயண நிறுவனம் ஒன்றில் பணம் கட்டுமுன், படி ஏறாமல் மேலே போக வழி உண்டா என்றுதான் முதலில் கேட்டேன். "முத்தியான்யூக்குத்தான் கூட்டிட்டுப் போறோம் அண்ணாச்சி, ரோப் கார்லயே ஏறிறலாம்" என்றார் முதலாளி. முத்தியான்யூ என்பது பெய்ஜிங் அருகே பெருஞ்சுவரின் ஒரு பகுதி. அதை நம்பி ஆளுக்கு 1,40,000 ரூபாய் கட்டினோம். கையில் கொடுத்த பயணத் திட்டத்தில் "மூன்றாம் நாள்: சீனப் பெருஞ்சுவர்" என்று மட்டுமே இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை பெய்ஜிங்கிலிருந்து புறப்பட்ட பேருந்து, முதலில் ஜேட் என்னும் பச்சைக்கல் விற்கும் கூடத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றது. விற்பனைப் பெண் இரண்டு வளையல்களை அம்மாவின் காதருகே தட்டி ஓசை காட்டினார். பிறகு அம்மாவின் புறங்கையில் சோப்பு நீரைத் தடவி ஒரு வளையலை ஏற்றிவிட்டார். அது திரும்பக் கழன்று வராததால் 880 யுவான் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். அடுத்து ஒரு தேயிலைக் கடை. சுவரை அடைந்தபோது பன்னிரண்டரை மணி. ஒன்றரைக்குப் பேருந்து கிளம்பிவிடும் என்றார் வழிகாட்டி.

அது முத்தியான்யூ அல்ல, ஜூயோங்குவான். பெய்ஜிங்குக்கு இன்னும் அருகில் இருக்கும் கணவாய்க் கோட்டை; அங்கே ரோப் காரே கிடையாது. படிகளும் ஒரே அளவில் இல்லை: ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முழங்காலைத் தொடும். அம்மா ஆறு படி ஏறி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி, "நீங்க போயிட்டு வாங்க ய்யா" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவரைத் தனியே விட்டுவிட்டு மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

அந்த இடத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 1340-களில் கட்டப்பட்ட பளிங்குக்கல் மேடை ஒன்று அங்கே இருக்கிறது. அதன் வளைவின் உட்சுவர்களில் சமஸ்கிருதம் உட்பட ஆறு மொழிகளில் பௌத்த வாசகங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சமதளத்திலேயே நடந்து போய் அம்மாவும் பார்த்திருக்கலாம். ஆனால் வழிகாட்டி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஊர் திரும்பிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பெருஞ்சுவர் ஒரே இடம் அல்ல. பாதலிங், முத்தியான்யூ, ஜூயோங்குவான் என்று பல பகுதிகள் உண்டு. எது, சுவரில் எத்தனை மணி நேரம், ரோப் கார் கட்டணம் யார் பொறுப்பு, வழியில் எத்தனை கடைகள் என்பதையெல்லாம் முன்பணம் கொடுக்குமுன் எழுத்தில் வாங்குங்கள். சுற்றுலாப் பயணிகளைச் சம்மதமின்றிக் குறிப்பிட்ட கடைகளுக்கு அழைத்துப் போவதைச் சீனத்தின் 2013-ஆம் ஆண்டுச் சுற்றுலாச் சட்டம் தடுக்கிறது. அப்படி வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெற, பயணம் முடிந்து 30 நாள்களுக்குள் அங்குள்ள பயண நிறுவனத்திடம் கேட்க வேண்டும். எங்களுக்கு இது தெரிந்தபோது இரண்டு மாதம் கடந்திருந்தது.

நம் ஊரில் வழி இருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. நானும் திருநெல்வேலியில் கொடுத்திருக்கிறேன். "ரோப் கார் உண்டு" என்று முதலாளி வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதினொரு விநாடிக் குரல் பதிவு ஒன்றுதான் என்னிடம் உள்ள சான்று.