கொடி தெரிகிறது, காரணம் காதில் விழுவதில்லை: ஏழு சீசன் சந்தா அனுபவம்

சீசன் பாதியைத் தாண்டியதும் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் ஆட்டங்களைத் திரும்பப் பார்க்கும் சந்தாவின் விலையைக் குறைத்துவிட்டார்கள். அறிவிப்பைப் பார்த்த ஹூஸ்டன் நண்பர், "அண்ணா, நீங்க ஏழு வருஷமா வெச்சிருக்கீங்க, இப்ப வாங்கலாமா?" என்று கேட்டு எழுதியிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்ல முயன்று, இரண்டு முறை எழுதி அழித்துவிட்டேன். என்எஃப்எல் ஆட்டங்களை முழுமையாகவும், நாற்பது நிமிடச் சுருக்கமாகவும், பயிற்சியாளர்கள் பார்க்கும் கோணத்திலும் இதில் பார்க்கலாம் என்பதும், படத்தின் தரத்தில் குறை இல்லை என்பதும் அவருக்கே தெரியும். நடுவர்களின் தீர்ப்பால் மனம் புண்பட்ட ஒரு ரசிகனுக்கு இந்தச் சந்தா என்ன செய்கிறது என்பதைத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் இதை வாங்கியதே அந்தப் புண்ணோடுதான்.

நான் வசிப்பது நியூ ஆர்லியன்ஸை ஒட்டிய மெட்டரியில். 2019 ஜனவரி 20 அன்று சூப்பர்டோமில் நடந்த என்எஃப்சி (என்எஃப்எல்லின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதி ஆட்டத்தை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நண்பர் டெக்சஸ்காரர் என்பதால் சொல்கிறேன். எங்கள் ஊர் அணி செயின்ட்ஸ் 20, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 20. ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரமே இருந்தது. ராம்ஸின் 13 கஜக் கோட்டில் செயின்ட்ஸுக்கு மூன்றாவது டவுன், அதாவது பத்து கஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது. செயின்ட்ஸின் ட்ரூ பிரீஸ் வலப்பக்க ஓரத்தில் ஓடிய டாமிலீ லூயிஸை நோக்கிப் பந்தை எறிந்தார். ராம்ஸின் நிக்கல் ரோபி கோல்மன் பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவந்து, பந்து வருவதற்கு முன்பே லூயிஸை மோதித் தள்ளினார். அரங்கில் இருந்தவர்களும் வீட்டில் இருந்தவர்களும் விதிமீறலைக் கண்டால் நடுவர் வீசும் மஞ்சள் கொடிக்காகக் காத்திருந்தோம், கொடி விழவில்லை. விழுந்திருந்தால் செயின்ட்ஸ் கடிகாரத்தைக் கரைத்துவிட்டு, எளிய ஃபீல்டு கோல் (உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) ஒன்றோடு ஆட்டத்தை முடித்திருக்கலாம். நடந்தது என்னவென்றால், அப்போதே ஃபீல்டு கோல் அடித்து 23க்கு 20 என்று முன்னேற, ராம்ஸ் எஞ்சிய நேரத்தில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 57 கஜ உதை ஒன்றில் 26க்கு 23 என வென்றது. தவறு நேர்ந்துவிட்டதென்று லீகின் நடுவர் பிரிவுத் தலைவரே தொலைபேசியில் ஒப்புக்கொண்டதாகப் பயிற்சியாளர் ஷான் பேட்டன் அன்றிரவே சொன்னார். மோதிய வீரரும் தான் முன்கூட்டியே போய்விட்டதாகப் பின்னர் ஒப்புக்கொண்டார். ஆனால் ஆட்டம் முடிந்ததும் தலைமை நடுவரிடமிருந்து வந்த விளக்கம், அது அந்தப் பகுதிக்குப் பொறுப்பான நடுவரின் முடிவு என்பதும், தான் அந்தக் காட்சியை இன்னும் பார்க்கவில்லை என்பதும் மட்டுமே. இரண்டு வாரம் கழித்து லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் முடிந்த மறுநாள், எங்கள் ஊர் நாளிதழ் முதல் பக்கத்தை ஏறக்குறைய வெறுமையாகவே அச்சிட்டது.

அந்த ஆண்டு செப்டம்பரில் சந்தா எடுத்தேன். தவறுகளைப் பிடித்துக் காட்ட ஆதாரம் கிடைக்கும் என்றுதான் எடுத்தேன். நேர்மையாகச் சொல்வதானால், முதல் சில மாதங்களில் நேர்ந்தது வேறு. இருபத்திரண்டு வீரர்களும் ஒரே சட்டகத்தில் தெரியும் அந்தப் பயிற்சியாளர் கோணம், நடுவர்கள் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதியைக் கரைத்துவிட்டது. கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து எடுத்த காட்சியைப் பாருங்கள். ஐந்து தடுப்பு வீரர்கள், எதிரே நான்கைந்து பேர், எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. தடுப்பவரின் உள்ளங்கை எதிராளியின் நெஞ்சுக்குள் இருக்கும்வரை அது ஆட்டம். அதே கை தோளுக்கு வெளியே நழுவி, ஜெர்சியைப் பிடித்து, எதிராளி திரும்பும்போது துணி கூடாரம்போல் விறைத்து நின்றால் ஹோல்டிங், பத்து கஜம் இழப்பு. இந்த இரண்டுக்கும் இடையே அரை விநாடிகூட இருக்காது. நான் ஆறு முறை பின்னோக்கி ஓட்டி, ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திக் கண்டுபிடித்த ஒன்றை, களத்தில் நிற்பவர் ஒரே முறை, ஒரே கோணத்தில், ஓடிக்கொண்டே பார்த்து முடிவு செய்கிறார். இதைக் கண்ணால் பார்த்தவர் யாரும் நடுவரைக் குருடர் என்று எளிதாகத் திட்டமாட்டார். இந்த ஒரு கோணத்துக்காகவே ஏழு ஆண்டு சந்தாப் பணம் தகும் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்வேன்.

ஆனால் அந்தக் கோணத்தில் ஒலி இல்லை. ஸ்னாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வரும் கணம்) சற்று முன் தொடங்கி, விசிலுக்குச் சற்றுப் பின் வெட்டிவிடுகிறார்கள். மஞ்சள் கொடி புல்லில் விழுவது தெரிகிறது. வெள்ளைத் தொப்பி அணிந்த தலைமை நடுவர் ஒலிவாங்கியை இயக்கி, யார் மீது, என்ன குற்றம், எத்தனை கஜம் என்று அறிவிப்பதற்குள் அடுத்த ஸ்னாப் வந்துவிடுகிறது. நாற்பது நிமிடச் சுருக்கத்திலும் பல நேரங்களில் இதே கதைதான். ஆட்டத்தின் இடைவெளிகளை நீக்குகிறோம் என்று அறிவிப்பையும் சேர்த்து நீக்கிவிடுகிறார்கள். பந்து திடீரென்று இருபது கஜம் தள்ளி இருக்கும். ஏன் என்று தெரியாது. தெரிந்துகொள்ள முழு ஒளிபரப்பைத் திறந்து, அதே கணத்தைத் தேடி, விளம்பரத்துக்குப் போகும் முன் நடுவர் பேசிய பத்து விநாடியைக் கண்டுபிடிக்க வேண்டும். இதைப் பற்றி வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று முறை எழுதினேன். ஆலோசனைக்கு நன்றி என்ற ஒரே பதில் மூன்று முறை வந்தது. சிறிய குறை என்று மற்றவர்கள் நினைக்கலாம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய குறை, ஏனென்றால் ரசிகனின் மனக்குறையே அந்தப் பத்து விநாடியைப் பற்றியதுதான்.

என் மகனின் பழைய கணக்கு நோட்டு ஒன்றில் இரண்டு சீசன்களாகப் பாஸ் இன்டர்ஃபியரன்ஸ், அதாவது பந்தைப் பிடிக்க வருபவரை விதிக்கு மாறாகத் தடுக்கும் குற்றம் பற்றிய தீர்ப்புகளை எழுதிவந்தேன். கல்லூரி ஆட்டத்தில் இந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் பதினைந்து கஜம்தான். என்எஃப்எல்லில் குற்றம் நடந்த இடத்துக்கே பந்து போகும், அதாவது ஒரே கொடியில் நாற்பது கஜம்கூட மாறலாம். அத்தனை கனமான தண்டனை என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் இன்னும் நினைவில் இருக்கிறது. மதிய ஆட்டத்தில் தற்காப்பில் நிற்கும் கார்னர்பேக், பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரின் இடுப்பில் இடது கையை வைத்து, அவர் திரும்பும்போது மெல்ல இழுத்தார், கொடி விழுந்தது. மாலை ஆட்டத்தில் அதே இடது கை, அதே இடுப்பு, இன்னும் சற்றுக் கூடுதலான இழுப்பு, கொடி இல்லை. இரண்டில் எது சரி என்று விதிநூலை வைத்து வாதிடலாம், இரண்டும் ஒரே நாளில் சரியாக இருக்க முடியாது. முதலாவதற்கு நடுவரின் அறிவிப்பையாவது தேடிப்பிடித்துக் கேட்கலாம். விழாத கொடிக்கு யாரும் எந்தக் காரணமும் சொல்வதில்லை.

ஒருதலைப்பட்சம் என்ற புகாரையும் கடந்துபோக முடியாது, ஏனென்றால் நண்பரின் உண்மையான கேள்வி அதுதான்: கேன்சஸ் சிட்டி சீஃப்ஸுக்கு நடுவர்கள் சாய்கிறார்களா? நான் அதை நம்பவில்லை. 2023 டிசம்பர் 10 அன்று பஃபலோ பில்ஸுக்கு எதிராக சீஃப்ஸின் டிராவிஸ் கெல்சி பந்தைப் பின்னால் எறிந்து, கடாரியஸ் டோனி டச்டவுன் அடித்த அந்த அற்புதமான நகர்வு, டோனி வரிசையில் முன்தள்ளி நின்றதற்காக ரத்தானது. சீஃப்ஸ் 20க்கு 17 என்று தோற்றது. பயிற்சியாளர் ஆண்டி ரீட் கோபப்பட்டது குற்றமே நடக்கவில்லை என்பதற்காக அல்ல, வழக்கமாக நடுவர்கள் முன்கூட்டித் தரும் எச்சரிக்கை தரப்படவில்லை என்பதற்காக. அதே ஆண்டு பிப்ரவரியில் சூப்பர் பவுலின் கடைசி இரண்டு நிமிடத்தில் ஈகிள்ஸின் ஜேம்ஸ் பிராட்பெரி மீது விழுந்த ஹோல்டிங் கொடி சீஃப்ஸுக்கு வெற்றியைத் தந்தது உண்மை. ஆனால் ஜெர்சியை இழுத்தேன் என்று பிராட்பெரியே சொன்னார். 2025 சூப்பர் பவுலுக்கு முன் ஆணையர் ராஜர் குடெல் இந்தச் சந்தேகத்தை அபத்தம் என்று தள்ளினார். அவர் சொன்ன முடிவோடு எனக்கு உடன்பாடுதான். சொன்ன விதம் கசந்தது. அந்தச் சூப்பர் பவுலுக்கு இரண்டு வாரம் முன்னர்தான், சீஃப்ஸும் பில்ஸும் மோதிய ஏஎஃப்சி (மற்றொரு பிரிவு) இறுதி ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியில், நான்காவது டவுனில் பில்ஸின் ஜாஷ் ஆலன் ஒரு கஜத்துக்காகக் கூட்டத்துக்குள் பாய்ந்தபோது, இரண்டு பக்கமிருந்தும் ஓடிவந்த நடுவர்கள் பந்துக்கு இரண்டு வெவ்வேறு இடங்களைக் காட்டினார்கள். குறைவான இடமே நிலைத்தது. பில்ஸ் 32க்கு 29 என்று தோற்றது. பஃபலோ ரசிகரின் சந்தேகத்துக்கு மரியாதை தர, இரண்டில் அந்த இடத்தை ஏன் ஏற்றார்கள் என்று ஒருவர் விளக்கியிருந்தாலே போதும்.

இந்த ஒழுங்கின்மைக்குச் சதி தேவையில்லை. அமைப்பே காரணமாக இருக்கிறது. நடுவர்களில் பெரும்பாலோர் வேறு தொழிலும் பார்ப்பவர்கள். எந்தக் குழு எதற்குக் கொடி வீசும் என்று அணிகள் முன்கூட்டியே படித்துக்கொண்டு களமிறங்குகின்றன என்பதே, குழுவுக்குக் குழு தீர்ப்பு மாறுகிறது என்பதற்குச் சான்று. சீசன் முழுக்க ஒன்றாகப் பணியாற்றிய ஏழு பேரைப் பிளேஆஃப் எனும் நாக் அவுட் சுற்று வந்ததும் பிரித்து, மதிப்பெண் அடிப்படையில் தேர்ந்தவர்களைச் சேர்த்துப் புதுக் குழு அமைக்கிறார்கள். தனித்தனியே திறமையானவர்கள், ஆனால் யார் எந்த ரிசீவரைப் பார்ப்பது என்ற பழக்கம் அவர்களுக்கிடையே ஊறியிருக்காது. மிகப் பெரிய ஆட்டங்களுக்கு இப்படி ஏற்பாடு செய்வது தவறு என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் செயின்ட்ஸ் ஆட்டத்துக்குப் பின் 2019 மார்ச்சில் அணி உரிமையாளர்கள் 31க்கு 1 என்று வாக்களித்து, பாஸ் இன்டர்ஃபியரன்ஸையும் மறுஆய்வுக்கு உட்படுத்தினார்கள். நான் சந்தா எடுத்த முதல் ஆண்டு அதுதான். மறுஆய்வு கேட்டுப் பயிற்சியாளர்கள் சிவப்புக் கொடியை வீசிய ஒவ்வொரு காட்சியையும் ஆவலோடு திறந்து பார்த்தேன். பச்சையாகத் தெரிந்த குற்றங்கள்கூடப் பல முறை மாற்றமின்றி நின்றன. ஒரே ஆண்டில் அந்த விதியைக் கைவிட்டுவிட்டார்கள். 2025 சீசன் முதல் சங்கிலிக்குப் பதிலாகக் கேமராக்கள் முதல் டவுனுக்கான பத்து கஜத் தூரத்தை அளக்கின்றன. அளவு துல்லியம்தான், ஆனால் பந்தை எந்த இடத்தில் வைப்பது என்பதை இன்னும் அந்த இரு பக்க நடுவர்களே முடிவு செய்கிறார்கள்.

நண்பருக்கு என் பதில் இது. ஆட்டத்தைக் கற்க வேண்டுமென்றால் இந்தக் குறைந்த விலைக்கு இதைவிட நல்லது கிடைக்காது. பயிற்சியாளர் கோணத்தைத் திறந்து, பந்தை விட்டுவிட்டு, தடுப்பு வீரர்களின் கைகளை மட்டும் ஒரு மாதம் பாருங்கள். உங்கள் அணி கொடியால் தோற்ற வாரம் மட்டும் இதைத் திறக்காதீர்கள், அந்த இரவு தூக்கம் வராது. இத்தனையும் சொல்லிவிட்டு, நான் நேற்றிரவு தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிட்டேன். போன வார ஆட்டத்தில் நான்காம் கால்பகுதியில் எங்கள் அணியின் மீது ஒரு கொடி விழுந்தது. யார் மீது, எதற்கு என்று தெரிந்துகொள்ள நாற்பது நிமிடம் தேடினேன், முழு ஒளிபரப்பிலும் அந்த அறிவிப்பின் மேல் வர்ணனையாளர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவரின் அறிவிப்பைப் பயிற்சியாளர் கோணத்தோடு இணைத்துத் தரும் நாளில் முழு விலை கொடுத்துத் திரும்ப எடுப்பேன். கையில் இருக்கும் சந்தா பிப்ரவரி வரை ஓடும். அதுவரை நோட்டிலும் எழுதுவேன்.